புனிதருக்குச் சுண்ணாம்பு பூசியவர்

அந்த ஆற்றோரச் சாலையில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், வழிநெடுக ஊர்கள் எல்லாம் புனிதர்கள்தான். அந்தக் காலத்தில் யாத்திரை போனவர்கள் பொழுது சாய்கிற இடத்தில் மூட்டையை இறக்கினார்கள். இறக்கிய இடத்தில் ஒரு சத்திரம் வந்தது, சத்திரத்துக்கு ஒரு புனிதர் வந்தார், புனிதருக்கு ஒரு கதை வந்தது, கதை கேட்க வந்த கூட்டத்துக்கு ஒரு சந்தை வந்தது. அப்புறம் என்ன, ஊர்தான். ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு நோய் என்று பாகம் வேறு பிரித்து வைத்திருந்தார்கள். கண்டக்டர்கள் அதைக் கிண்டலாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். "பல்வலியெல்லாம் இறங்கு, கண்நோயெல்லாம் முன்னாடி வா, காய்ச்சல் அடுத்த ஸ்டாப்" என்பார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? எல்லாரும் ஏதோ ஒரு வலிக்குப் பிறந்த ஊர்க்காரர்கள்தான்.

காய்ச்சல் ஸ்டாப்பில் இறங்கினால் கொத்தனாரின் ஊர். முன்னொரு காலத்தில் அதற்குப் பள்ளம் என்று பெயர். ஊரே காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது எங்கிருந்தோ ஒருவர் நடந்து வந்தாராம். வீடு வீடாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாராம். கடைசி ஆள் எழுந்து உட்கார்ந்த அன்று அவர் படுத்தாராம், எழவில்லை. அவரை நடுஊரில் அடக்கம் செய்து, மேலே மண்டபம் கட்டி, பள்ளம் என்ற பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் பெயரை வைத்துக்கொண்டார்கள். மேட்டு ஊர்க்காரர்கள் மட்டும் சந்தைக்கு வரும்போதெல்லாம் சீண்டுவார்கள். "உங்க ஆளை எங்க பாட்டன் பூட்டன் எப்பவோ தூக்கிட்டு வந்துட்டாங்கப்பா, நீங்க வெறும் கல்லைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கீங்க" என்பார்கள். அதற்காகக் கைகலப்பு வரை போனதுண்டு.

கொத்தனார் அந்த மண்டபத்துக்கு வாரிசுக் கொத்தனார். அவருடைய அப்பா செய்தது, அப்பாவின் அப்பா செய்தது. வருஷத்துக்கு ஒரு தரம், மழை முடிந்து கூட்டம் வரத் தொடங்குவதற்கு முன்னால், கல்லறையின் மூடுகல்லைச் சுற்றியிருக்கும் பழைய சுண்ணாம்பை உளியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து வைத்துப் பூச வேண்டும். ஊரில் வேறு எந்தக் கொத்தனாரும் அந்தக் கல்லில் கை வைக்கக் கூடாது. அவரும் சுண்ணாம்பைத் தொடலாமே தவிரக் கல்லைத் தூக்கக் கூடாது. சுரண்டி முடித்ததும் கல் வாய் திறந்த மாதிரி விளிம்பு தெரிய நிற்கும். ஒரு கடப்பாரை போதும், நெம்பிப் பார்த்துவிடலாம். தலைமுறை தலைமுறையாக யாரும் நெம்பிப் பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்தின் மரியாதையே அதில்தான் இருந்தது.

அவர் நெம்பினார். ஏன் நெம்பினார் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் இந்த மனுஷரைப் பற்றிச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

அவருக்கு ஒரே மகள். ஊரில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். விடிந்ததும் தொடங்கினால் தூங்கும்வரை பேச்சுத்தான். ஒன்பது வயதிருக்கும். அந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் புனிதரின் ஊருக்கே காய்ச்சல் வந்தால் யாரிடம் போய் அழுவது? முதலில் சந்தைப் பக்கம் இரண்டு வீடு, அப்புறம் தெருத்தெருவாக. அதிகாரிகள் வந்து வீட்டை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது என்றார்கள். செத்தவர்களைப் போர்வையோடு சுருட்டி வாசலில் வைத்துவிட வேண்டும், வண்டி வந்து எடுத்துக்கொள்ளும், கூட யாரும் போகக் கூடாது, ஊருக்கு வெளியே பெரிய குழி, மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பு. குழியில் யார் எந்தப் பக்கம் கிடக்கிறார்கள் என்று கேட்கவே கூடாது.

வாயாடிக்குக் காய்ச்சல் கண்டதும் அவள் அம்மா தடையையெல்லாம் மீறி மண்டபத்துக்கு ஓடினாள். கல்லில் தலையை முட்டி முட்டி வேண்டிக்கொண்டாள். நெற்றி வீங்கி வந்தாள். வந்த கையோடு அவளும் படுத்துவிட்டாள். மகள் போன காலையில் அம்மாவுக்கு நினைவே இல்லை. பக்கத்து அறையில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள்.

கொத்தனார் மகளைப் போர்வையில் சுற்றினார். வாசல்வரை கொண்டுவந்தார். வைக்க மனசு வரவில்லை. சுண்ணாம்போடு பிழைப்பு நடத்துகிறவர் அவர். பச்சைச் சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் எப்படிக் கொதிக்கும், கையில் தெறித்தால் தோல் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவ்வளவுதான். தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மண்டபத்துச் சாவியை வைத்திருந்தவரை ஊரே சாவிக்காரர் என்று கூப்பிடும். கொத்தனார் மகளை மண்டபத்துப் பின்சுவர் நிழலில் கிடத்திவிட்டு அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, "சுண்ணாம்பு வேலை பாக்கி கெடக்கு, சாவி வேணும்" என்றார்.

"இந்த நேரத்துலயா?" என்றார் உள்ளே இருந்து சாவிக்காரர்.

"இந்த நேரத்துலதாங்க அவருக்குச் சுத்தமா இருக்கணும்."

"அதுவும் சரிதான். கிட்ட வராத, போடுறேன், எடுத்துக்க" என்று சாவியை வெளியே எறிந்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மகளை மண்டபத்துக்குள் தூக்கி வந்து கிடத்தினார். சுண்ணாம்பைச் சுரண்டி, கடப்பாரையைக் கொடுத்து, உருட்டுக்கட்டை வைத்து, ஒற்றை ஆளாகக் கல்லை ஒரு பக்கமாக நகர்த்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கொஞ்சம் மண், காய்ந்துபோன ஒரு பல்லி. எலும்பு இல்லை, துணி இல்லை, ஒரு பல்கூட இல்லை. மேட்டு ஊர்க்காரன் சொன்னது நிஜமோ, இல்லை ஆரம்பத்திலிருந்தே யாரும் இல்லையோ, யாருக்குத் தெரியும்? தன் மனைவி இந்தக் கல்லில்தானே தலையை முட்டினாள் என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்து சிரித்தார். அழுகை வர வெகு நேரம் ஆனது.

பிறகு அவளை உள்ளே இறக்கிப் படுக்க வைத்தார். கல்லை மூடினார். வழக்கத்தைவிடக் கெட்டியாகச் சாந்து வைத்துப் பூசினார்.

மனைவிக்கு நினைவு வந்ததும் முதலில் கேட்டது மகளைத்தான். "வண்டி வந்துச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவளும் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் மண்டபம் இருந்த தெருப் பக்கமே போகவில்லை. சந்தைக்குப் போக அதுதான் நேர்வழி. அவள் தோல்கிடங்கு வழியாகச் சுற்றிப் போவாள். மழையிலும் சுற்றித்தான் போவாள். புனிதரின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. 'அந்த ஆளு' என்பாள். ஊரின் பெயரே அவர் பெயர்தானே, அதையும் விட்டுவிட்டாள். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் "பள்ளம்" என்பாள். கண்டக்டர் விழிப்பார். பக்கத்தில் இருக்கிறவர்கள் எடுத்துச் சொல்வார்கள். அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

வேடிக்கை என்னவென்றால், காய்ச்சல் ஓய்ந்த பிறகு புனிதருக்கு மவுசு கூடிவிட்டது. முன்னெல்லாம் கொஞ்சம் முரட்டுப் புனிதர் என்று பேர். இப்போது குழந்தைகளிடம் அவருக்குத் தனிப் பிரியம் என்று எப்படியோ ஒரு பேச்சுக் கிளம்பியது. கைக்குழந்தைகள் மண்டபத்துக்குள் வந்தால் அழுகையை நிறுத்துகின்றன என்றார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வந்தார்கள். வருஷா வருஷம் சுண்ணாம்பு பூசும்போது கொத்தனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கரண்டியை ஓட்டுவார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் குனிந்து மகளிடம் ஏதாவது சொல்வார். அம்மாவுக்குக் கால்வலி தேவலை, எதிர்வீட்டுக்காரன் சுவர் சாய்ந்துவிட்டது, இப்படி ஊர்க்கதைதான். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், மழை கழியட்டும், இந்தக் கூட்டம் போகட்டும் என்று தள்ளித் தள்ளியே இருபது வருஷம் போய்விட்டது. மனுஷன் நல்லவர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் அணை வந்தது. ஆற்றைக் கீழே மறிக்கப்போகிறார்கள், ஊர்கள் தண்ணீருக்குள் போகும், எல்லாருக்கும் மேலே சமவெளியில் புது ஊர் என்றார்கள். முதலில் எடுத்தது பல்வலிப் புனிதரின் ஊரை. அங்கே கல்லறை கிடையாது, அவர் வாய் கொப்பளித்த கிணறு ஒன்றுதான் உண்டு. கிணற்றைப் பெயர்த்து எடுத்துப் போக முடியுமா? புனிதரின் உடம்பு இருந்தால்தான் புது ஊருக்கும் பழைய பெயர் என்று அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஊர் இப்போது நாலாம் குடியிருப்பு. சந்தையில் அந்த ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் நாலு என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

காய்ச்சல் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்களிடம் கல்லறை இருந்தது. ஊர்த்தலைவர் மார் தட்டினார். குறித்த நாளில் மூடுகல்லைத் திறந்து, புனிதரின் எலும்புகளைப் பெட்டியில் வைத்து, மேளதாளத்தோடு புது ஊருக்கு எடுத்துப் போவது என்று முடிவானது. மேட்டு ஊர்க்காரர்கள் திருடிவிடுவார்கள் என்று மண்டபத்தில் இரவு பகலாகக் காவல் போட்டார்கள். கல்லைத் திறக்க வேண்டியவர் யார்? கொத்தனார்தான்.

தலைவர் வீடு தேடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பரம்பரைக்கே கிடைக்காத பாக்கியம் கொத்தனாரே" என்றார்.

கொத்தனாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வருஷத்துப் பிணங்களுக்கு ஒரு விதி இருந்தது. அவை எங்கே கிடைத்தாலும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டும். உள்ளே இருப்பது தன் மகள் என்று சொன்னால் அவளை எடுத்து அந்தக் குழியில் போடுவார்கள், குழி தண்ணீருக்குள் போகும். சொல்லாவிட்டால் அவள் புனிதராகப் புது ஊருக்குப் போவாள். மனைவிக்குத் தெரியாமல் கல்லைத் திறப்பதா? அதற்கு மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அவள் சமையலறையில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க. சும்மா நிக்காதீங்க, அந்த அண்டாவைப் பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க."

அண்டாவைப் பிடித்துக்கொண்டே சொன்னார். முழுக்கச் சொல்லி முடித்த பிறகும் அண்டாவை விடவில்லை. அவள் சாக்குக் கயிற்றை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்.

"இருபது வருஷமா நான் தோல்கிடங்கு வழியா சுத்திப் போறேன். நீங்க ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"சொன்னா நீ அங்க போய் அழுவே. ஊருக்குத் தெரிஞ்சிடும். எடுத்துக் குழியில போட்டுடுவாங்கன்னு பயந்தேன்."

"அங்க ஊரே வந்து அழுவுது. நான் அழுதா மட்டும் தனியாத் தெரிஞ்சிடுமா?"

இத்தனை வருஷத்தில் இது கொத்தனார் புத்திக்கு ஒரு நாள்கூட எட்டவில்லை. கல்லைப் பற்றி, சாந்தைப் பற்றி, விரிசலைப் பற்றி எல்லாம் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை.

அவள் அப்படியே எழுந்து மண்டபத்துக்குப் போனாள். நேர்வழியாகவே போனாள். தெருவில் பார்த்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஊரை விட்டுப் போகிற நேரத்திலாவது கொத்தனார் வீட்டம்மாவுக்கு மனசு மாறியதே என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் காவலுக்கு நின்றவர்கள் கம்பைக் குறுக்கே நீட்டினார்கள். "கிட்டப் போகக் கூடாதும்மா, இங்கேருந்தே கும்பிட்டுக்குங்க" என்றார்கள். அவள் அங்கிருந்தே பார்த்துவிட்டு வந்தாள்.

வந்ததும், "அவளை எனக்கு எடுத்துக் குடுங்க" என்றாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். புது எடத்துல வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் மண்ணு இருக்கும்ல, அங்க வச்சுக்கறேன்."

"காவல் இருக்கே. இப்ப எப்படி எடுக்கறது?"

"அப்ப உண்மையைச் சொல்லி எடுங்க."

"சொன்னா சுண்ணாம்புக் குழி. அதுக்கு மேல தண்ணி. நினைச்சுப் பாரு." பிறகு அவர் தன் திட்டத்தைச் சொன்னார். புனிதர்தான் என்று விட்டுவிடுவோம். மேலே கொண்டுபோகட்டும், அவர்கள் செலவில், அவர்கள் மரியாதையில் போகட்டும். அங்கேயும் கல்லறை கட்டுவார்கள், அங்கேயும் மூடுகல் இருக்கும், அங்கேயும் வருஷத்துக்கு ஒரு தரம் சுண்ணாம்பு பூச என்னைத்தான் கூப்பிட வேண்டும். முதல் வருஷத்து வேலையிலேயே திறந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

"அப்புறம் அந்தக் கல்லறையில யாரு இருப்பா?"

"முன்னாடி யாரு இருந்தா? காலியாத்தானே இருந்துச்சு. ஊரு நல்லாத்தானே நடந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை. "சத்தியமா எடுத்துக் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"சத்தியமா."

திறக்கிற நாளில் ஊர் மொத்தமும் மண்டபத்தில். அணை அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். கொத்தனார் சுண்ணாம்பைச் சுரண்டினார். இந்தத் தடவை உதவிக்கு நாலு பேர், கயிறு எல்லாம் இருந்தது. கல் நகர்ந்தது.

உள்ளே அவள் கிடந்தாள். போர்வை நைந்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. எலும்புகள் படுக்க வைத்த வாக்கிலேயே இருந்தன. சாவிக்காரர் எட்டிப் பார்த்தார், அவர் முகம் வெளுத்தது. தலைவரும் பார்த்தார். கண் இருக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும், அது பெரிய ஆளின் உடம்பு இல்லை.

"ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார் அதிகாரி.

தலைவர் ஒரு நொடிதான் தயங்கினார். "விரதம் இருந்த உடம்பு சார். எத்தனை காலம் ஆச்சு, சுருங்காம என்ன செய்யும்?"

அதிகாரிக்கு அதில் திருப்தி வரவில்லை. அவர் கொத்தனார் பக்கம் திரும்பினார். "நீங்கதான் வருஷா வருஷம் இதை மூடறவராமே. நடுவுல யாராவது திறந்திருக்காங்களா?"

"இல்லைங்க."

"அப்ப இது அவர்தானா?"

பெண்கள் கூட்டத்தில் கொத்தனாரின் மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அவர்தாங்க" என்றார் கொத்தனார்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"புனிதர்தாங்க."

அழுகையும் வாழ்த்துமாக மண்டபம் அதிர்ந்தது. ஊரின் பெயர் பிழைத்துவிட்டது, இல்லையா? சாவிக்காரர் உள்ளே இறங்கி ஒவ்வொரு எலும்பாக எடுத்துப் பட்டுத் துணியில் வைத்தார். கொத்தனாருக்குக் கல்லோடுதான் வேலை, எலும்பைத் தொட அவருக்கு உரிமை கிடையாது. கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவள் தாடை சாவிக்காரர் கையில் போனபோது கண்ணை மூடிக்கொண்டார்.

புது ஊர் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இருந்தது. நேர்த் தெரு, குறுக்குத் தெரு, ஒரே அச்சில் வீடுகள். நுழைவாயிலில் பெரிய வளைவு கட்டிப் புனிதரின் பெயரைப் போட்டிருந்தார்கள். புது மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பெட்டியை உள்ளே வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொத்தனார் கரண்டியையும் மட்டப்பலகையையும் எடுத்துக்கொண்டு போனார். குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அங்கே கான்கிரீட் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வேலையை எடுத்தவர் வெளியூர் கான்ட்ராக்டர். குழியில் பெட்டி இறங்கியிருந்தது. அதைச் சுற்றி விரல் தடிமனில் இரும்புக் கம்பிகளைக் கூண்டு மாதிரி கட்டியிருந்தார்கள். கொத்தனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலவையைக் கொட்டினார்கள். மூடுகல் கிடையாது. விளிம்பு கிடையாது. சுண்ணாம்புக்கு அங்கே வேலையே கிடையாது. மேலே பளிங்கு ஒட்டினால் முடிந்தது.

"மூடுகல் வைக்கலையா?" என்று கேட்டார்.

தலைவர் பக்கத்தில்தான் நின்றார். தோளில் கை போட்டுக்கொண்டார். "உங்களுக்கும் வயசாகுது கொத்தனாரே. இனி வருஷா வருஷம் இந்தச் சிரமம் எதுக்கு? நூறு வருஷத்துக்கு ஒரு விரிசல் விழாது. யாராலயும் திருடவும் முடியாது."

அவர் அன்போடுதான் சொன்னார். அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி தட்டைக் கழுவி வைத்தாள். "சாப்பிடுங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து அவள் தினமும் காலையில் மண்டபத்துக்குப் போனாள். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தூணோரமாக உட்கார்ந்து கல்லைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பாள். பக்தி முற்றிவிட்டது என்று ஊரில் மெச்சினார்கள். முதல் நாள் கொத்தனாரும் செருப்பை மாட்டினார். "நீங்க வராதீங்க" என்றாள் அவள். அவர் செருப்பைக் கழற்றினார்.

சில வருஷம் அப்படிப் போனது. பிறகு அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே கூட்டிப் போகச் சொன்னார்கள். சொன்னால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். படுக்கையில் கிடந்தவள் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, "என்னை அவ பக்கத்துல வைங்க" என்றாள். "வெளியில, சுவரோரமா இருந்தாலும் சரி. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

மண்டபத்து மண்ணில் புனிதரைத் தவிர யாரையும் அடக்கம் செய்யக் கூடாது என்பது விதி. அது தெரிந்தேதான் கொத்தனார் தலைவரைப் பார்க்கப் போனார். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. காய்ச்சல், உச்சி வெயில், பல்லி, எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பாதியில் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது என் மகளுங்க. உள்ள இருக்கறது என் மக" என்று முடித்தார் கொத்தனார்.

"வீட்ல உடம்பு முடியாம கெடக்காங்க. உங்களுக்கு மனசு ஆடிப்போயிருக்கு" என்றார் தலைவர்.

"மனசு நல்லாத்தான் இருக்கு. என்னை ஜெயில்ல வேணும்னாலும் போடுங்க. அவளை மட்டும் அங்க வைக்க விடுங்க."

"கொத்தனாரே, அன்னைக்கு ஊரே நின்னு கேட்டுச்சு. அதிகாரி கேட்டாரு. அவர்தான்னு சொன்னது யாரு? நீங்கதானே சொன்னீங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

தலைவருக்கு எல்லாம் தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்ததுமே கொத்தனாருக்கு அது விளங்கிவிட்டது. திறந்த அன்றே தலைவருக்குத் தெரியும், சாவிக்காரருக்கும் தெரியும், எட்டிப் பார்த்த பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். தெரிந்து என்ன? வளைவில் பெயர் ஏறிவிட்டது, கடைகள் வந்துவிட்டன, பஸ்கள் நின்று போகின்றன. தலைவர் டீ வரவழைத்துக் குடிக்க வைத்தார். வீடுவரை கொண்டுபோய் விட ஆள் அனுப்பினார். தெருவில் தடுக்கி விழாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

மனைவி கண்ணைத் திறந்து பார்த்தாள். "என்ன சொன்னாங்க?"

"உண்மையைச் சொன்னேன். நம்ப மாட்டேன்னுட்டாங்க."

அவள் கொஞ்ச நேரம் மூச்சுக்குத் தவித்தாள். "உங்க பொய்யைத்தான் எல்லாரும் நம்பறோம்" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் அவரிடம் அவள் பேசவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

பொதுக் கல்லறைத் தோட்டம் சமவெளியின் மறுகோடியில், செங்கல் சூளையைத் தாண்டி இருந்தது. அங்கேதான் வைத்தார்கள். கல்லறையைக் கொத்தனார் தன் கையாலேயே கட்டினார். மேலே ஒரு மூடுகல் வைத்து, சுற்றிச் சுண்ணாம்பு பூசினார். சிமெண்டே மலிவு, அதை விட்டுவிட்டு இந்தக் காலத்தில் யார் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்று தோட்டத்துக் காவல்காரன் கேட்டபோதும் கரண்டியை நிறுத்தவில்லை.

அப்புறம் கொஞ்ச நாள் கழித்து மண்டபத்துக்குப் போனார். வேண்டாம் என்று தடுக்க வீட்டில் ஆள் இல்லை. கூட்டம் வருகிற காலம் அது. வரிசையில் நின்று, கயிற்றுக்கு நடுவில் நகர்ந்து நகர்ந்து, பளிங்குக்கு நேரே வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னால் நின்ற பெண் தன் கைக்குழந்தையைக் கம்பிமேல் சாய்த்துப் பிடித்து, என் பிள்ளையைக் காப்பாத்து சாமி என்று அழுதுவிட்டுப் போனாள். கொத்தனார் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உங்கம்மா போயிட்டாம்மா என்று சொல்ல வாயெடுத்தார்.

"நகருங்க பெரியவரே" என்றார் பச்சைத் துண்டு கட்டிய தொண்டர். "பின்னாடி எவ்வளவு பேரு நிக்கறாங்க பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே நிறையப் பேர் நின்றார்கள். நகர்ந்து கொடுத்தார்.